மீனுக்கு எவ்வளவு ஐஸ்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர் ஜெகதாப்பட்டினம். இங்கிருந்து மீன் பிடிக்கப் போகும் விசைப்படகுகளில் டீசல், வலையோடு ஐஸும் ஏறும். ஐஸ் குறைந்தால் கரைக்கு வருவதற்குள் மீன் கெட்டுவிடும். நல்ல விலைக்குப் போகாது. அதிகம் ஏற்றினால் காசு வீண், இடமும் வீண். அப்படியானால் எவ்வளவு ஐஸ் வேண்டும்? வாருங்கள், கணக்குப் போடுவோம்!

ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால், அதிலிருந்து ஒரு கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். மீனுக்கு இது சற்றுக் குறைவு, சுமார் 0.8. பிடித்த மீனின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர,

10 × 30 × 0.8 = 240 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும்.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 240ஐ 80ஆல் வகுத்தால் 3. அதாவது, 10 கிலோ மீனுக்கு 3 கிலோ ஐஸ்!

அவ்வளவுதானா? இல்லை! வெளியிலுள்ள வெப்பம் பெட்டியின் சுவர் வழியே உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கவும் ஐஸ் வேண்டுமே! அதனால்தான் வெப்பமான நாடுகளில், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான கணக்கு. பெட்டியின் சுவரில் தெர்மாகோல் இருந்தால் ஐஸ் மெதுவாக உருகும்.

குளிர் நாடுகளில் இதே கணக்கைத் தலைகீழாகப் போடுவார்கள். சுவர், ஜன்னல், கூரை வழியே வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்று பார்ப்பார்கள். அதே அளவு வெப்பத்தைத் தரும் 'ரேடியேட்டரை' அறையில் பொருத்துவார்கள். சுடுநீர் ஓடும் உலோகப் பலகைதான் ரேடியேட்டர்.

நம் ஊரில் 'ஒரு டன் ஏசி' என்கிறார்களே, அது ஏசியின் எடை அல்ல! ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பத்தை, அதே நேரத்தில் அந்த ஏசியும் அறையிலிருந்து வெளியேற்றும்.

நீங்களும் செய்து பாருங்கள்!

இரண்டு டம்ளர்களில் சம அளவு ஐஸ் போடுங்கள். ஒன்றைக் கெட்டித் துணியால் நன்றாகச் சுற்றி மூடுங்கள். அரை மணி நேரம் கழித்து, உருகிய தண்ணீரை மருந்து பாட்டிலின் அளவு மூடியால் அளந்து பாருங்கள். ஒவ்வொரு மில்லிக்கும் 80 கலோரி. எந்த டம்ளருக்குள் எவ்வளவு வெப்பம் புகுந்தது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்!