புதுக்குடி போட்ட சோறு

2023 டிசம்பர் 17. மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. முருகனைக் கும்பிட்டுவிட்டு, விடிந்ததும் வீட்டில் இருக்கலாம் என்ற நினைப்போடுதான் திருச்செந்தூரில் சென்னை ரயில் ஏறினார்கள். கிளம்பிய சிறிது நேரத்திலேயே, ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றது. சுமார் 800 பயணிகள். வெளியே ஓயாத மழை.

நின்ற ரயிலைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. ஏன் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குழந்தை பாலுக்கு அழும், போனில் சார்ஜ் இறங்கும், கையில் இருக்கும் மாத்திரை ஒரு வேளைக்குத்தான் வரும். அந்த நேரத்தில் வருகிற கோபத்தைக் குறை சொல்லவே முடியாது.

ஆனால் அந்த இரவில் அவர்கள் உயிரைக் காத்ததே அந்த நிறுத்தம்தான். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே வெள்ளம் ஜல்லியையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஆபத்தை உணர்ந்து வண்டியை மேலே போகவிடாமல் நிறுத்திவைத்தவர் ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலி. இதில் என்னை உலுக்குவது ஒன்றுதான்: நடக்காமல் போன விபத்து யார் கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நகராத ரயிலும் இருட்டும்தான்.

அந்த ஒரே நாளில் திருச்செந்தூருக்கு அருகேயுள்ள காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தமிழ்நாட்டுக்குச் சராசரியாக ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழைக்கு ஏறக்குறைய சமம் அது. பயணிகளில் சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் சாலையும் மூழ்கியதால் மற்றவர்கள் நிலையத்திலும் பெட்டிகளிலுமே முடங்கினார்கள். சுற்றிலும் தண்ணீர். வெளியிலிருந்து யாராலும் நெருங்க முடியவில்லை.

நெருங்க முடிந்தவர்கள், அங்கேயே இருந்த புதுக்குடி கிராம மக்கள். ஊர் கூடி அரிசி பருப்பு சேர்த்தது. கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். மழை ஓய்ந்து மிச்சம் இருந்ததை எடுத்துக் கொடுத்தவர்கள் அல்ல அவர்கள். அதே வெள்ளம் அவர்கள் ஊரையும் சூழ்ந்திருந்தது. நாளைக்குத் தங்கள் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று தெரியாத நேரத்தில்தான், முன்பின் பார்த்திராதவர்களுக்கு உலை வைத்தார்கள். இதற்கு உதவி என்று பெயர் வைத்தால் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

அவர்களுக்கு நன்றி சொல்லும்போது, இரண்டு இரவுகள் அத்தனை பேர் அங்கே கிடக்க நேர்ந்ததை மறைத்துவிடக் கூடாது. பச்சைக் குழந்தைகளும் முதியவர்களும் பட்ட பாடு பாடுதான். விமானப்படை ஹெலிகாப்டர் ஒரு கர்ப்பிணியை மீட்டுச் செல்ல வேண்டிய அளவுக்கு நிலைமை போயிற்று. முன்னெச்சரிக்கை எங்கே பிசகியது என்ற கேள்வியை நன்றியுள்ளவர்கள்தான் உரக்கக் கேட்க வேண்டும். அடுத்த முறை ஒரு கிராமத்தின் அரிசிப் பானையை நம்பி ரயில் ஓடக் கூடாதல்லவா?

19ஆம் தேதி பேரிடர் மீட்புப் படையும் ரயில்வேயும் அவர்களை வெளியே கொண்டுவந்து, பேருந்தில் வாஞ்சி மணியாச்சிக்கு அனுப்பின. அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னை. பயணிகள் வீடு சேர்ந்தார்கள். புதுக்குடியில் மக்கள் தங்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். அரித்துப்போன இடத்தில் மண்ணும் ஜல்லியும் கொட்டிப் பாதையை மீண்டும் நிமிர்த்தும் வேலை டிராக்மேன்கள் தலையில் விழுந்தது. இன்று திருச்செந்தூர் போய்த் திரும்புகிற ஒவ்வொரு ரயிலும் அவர்கள் போட்ட கரைமேல்தான் ஓடுகிறது.