பருத்திக் காட்டிலிருந்து வாக்காளர் பட்டியலுக்கு

1962 ஆகஸ்ட் 31. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ரூல்வில் என்ற சிற்றூரிலிருந்து ஒரு பழைய பேருந்து கிளம்பியது. பருத்திக் காட்டுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் வண்டி அது. அன்று அதில் சென்ற கறுப்பின மக்கள் 18 பேர், 26 மைல் தொலைவில் இருந்த இண்டியனோலா நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதுதான் அவர்களது நோக்கம்.

அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். வயது 44. வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக் குடும்பத்தில் 20-வது பிள்ளையாகப் பிறந்தவர். ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். தங்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே, அந்த மாதம் ஊர்த் தேவாலயத்தில் நடந்த கூட்டத்தில்தான் அவருக்குத் தெரிய வந்தது.

நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-லேயே அமெரிக்க அரசியல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் மிசிசிப்பி 1890-ல் வேறு வழி கண்டது. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்தோ, படிக்கக் கேட்டோ விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா, தவறா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் கறுப்பினத்தவர் உள்ளே நுழைய முடியவில்லை.

ஹேமருக்கும் அப்படி ஒரு பிரிவு கொடுக்கப்பட்டது. அவரால் விளக்க முடியவில்லை. திரும்பும் வழியில், பேருந்தின் நிறம் சரியில்லை என்று சொல்லி ஓட்டுநர் மீது போலீஸார் வழக்குப் போட்டனர். அன்று மாலையே பண்ணை முதலாளி வந்தார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்றார். ஹேமர் மறுத்தார். 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார். பத்து நாள் கழித்து, அவர் தங்கியிருந்த வீட்டின் மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன.

அப்போதும் அவர் விடவில்லை. 1963 ஜனவரியில் தேர்வில் வென்று பெயரைப் பதிவு செய்தார். ஜூன் மாதம், பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பும்போது வினோனா என்ற ஊரில் கைது செய்யப்பட்டார். சிறையில் கொடூரமாக அடித்தார்கள். அதில் பழுதான சிறுநீரகம் சாகும் வரை அவரை வாட்டியது.

1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு நடந்தது. மிசிசிப்பியின் பிரதிநிதிகளாக வந்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். கறுப்பின மக்கள் தாங்களே கட்டிய கட்சியின் சார்பில் ஹேமர் அங்கே சென்று, பட்ட அடியையெல்லாம் சொன்னார். அந்தப் பேச்சை மறைக்க, அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பை அறிவித்தார். ஆனால் அன்றிரவே தொலைக்காட்சிகள் அதை நாடெங்கும் ஒளிபரப்பின. சமாதானமாக இரண்டு இடங்கள் தருவதாகச் சொன்னபோது, அதையும் ஏற்கவில்லை.

மறு ஆண்டு மார்ச்சில் அலபாமாவின் செல்மாவில் ஊர்வலம் சென்றவர்களைப் போலீஸ் அடித்த காட்சி நாட்டை உலுக்கியது. 1965 ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அதே ஜான்சன். அங்கெல்லாம் எழுத்தறிவுத் தேர்வு நின்றது. மத்திய அதிகாரிகளே வந்து பெயர் சேர்த்தார்கள். 1964-ல் மிசிசிப்பியின் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை. 1967-ல் கிட்டத்தட்ட 60 பேர் இருந்தார்கள்.

படிப்பை ஓட்டுரிமைக்கு அளவுகோலாக்கக் கூடாது என்று சைமன் குழு வந்த காலத்திலேயே அம்பேத்கர் வாதாடினார். படிக்க விடாமல் வைத்துவிட்டு, படிக்கவில்லை என்று ஓட்டை மறுப்பது என்ன நியாயம் என்பதுதான் கேள்வி. இண்டியனோலாவில் தோற்றுத் திரும்பிய ஹேமரும் அதே கேள்வியைத்தான் சுமந்து வந்தார்.

1977-ல் அவர் மறைந்தார். வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான ஒரு பகுதியை 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. பட்டியலில் ஏறிய பெயரைக் காப்பதும் போராட்டம்தான்.