கடைமடை நிறைந்தால் பசி அடங்கும்

"அக்காவுக்கு 46 வயது, எடை 118 கிலோ. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தால் ஒரே வாரத்தில் இன்சுலினை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். ஒரு வாரத்தில் எடை என்ன பெரிதாகக் குறைந்துவிடும்? அதற்குள் சர்க்கரை மட்டும் எப்படி இறங்கும்?" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விதான். இரைப்பையைச் சின்னதாக்குகிறார்கள், அதனால் குறைவாகச் சாப்பிடுகிறோம், இளைக்கிறோம் என்பதே பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மை. வெறுமனே பட்டினி கிடந்து இளைத்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும். எடை குறையக் குறைய உடம்பு இன்னும் சோறு கேட்கும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களோ முதல் மாதங்களில் பசியே எடுக்கவில்லை என்கிறார்கள். இரைப்பையின் அளவு மட்டும் மாறியிருந்தால் இப்படி நடக்காது.

வரலாறு நீளமில்லை. புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட நோயாளிகள் எடை கூடாமலேயே இருந்ததைக் கவனித்த எட்வர்ட் மேசன், 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். வால்டர் போரீஸ் என்ற அறுவை மருத்துவர், பைபாஸ் செய்துகொண்ட பெரும்பாலோருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டதை 1995-இல் வெளியிட்டார். 'யார் நினைத்திருப்பார்கள்' என்றே அந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். கிரெலின் கண்டுபிடிக்கப்பட்டது 1999-இல், ஜப்பானில். ஆபரேஷன் முதலில் வந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் பின்னால்தான் வந்தது.

அந்த விளக்கத்தைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்லப் படமே தேவையில்லை. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கிழக்கே கல்லணை பக்கம் இரண்டும் மறுபடி நெருங்க, உள்ளாறு அவற்றை இணைக்கிறது. பைபாஸ் செய்த வயிற்றின் வரைபடமும் இதுதான். இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையைப் பிரித்துவிடுகிறார்கள். சிறுகுடலை வெட்டி, அதன் கீழ்ப்பகுதியை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு தைக்கிறார்கள். சாப்பாடு போகும் இந்த வழி காவிரி. மீதி இரைப்பையும் முன்சிறுகுடலும் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். பித்தநீரும் கணையநீரும் அந்த வழியாகத் தனியே இறங்கும். அது கொள்ளிடம். ஒரு மீட்டர் அளவுக்கு இரண்டும் தனித்தனியே ஓடிக் கீழே கலக்கும் இடம் கல்லணை. செரிமானம் முழுவீச்சில் தொடங்குவதே அதற்குக் கீழேதான்.

சிறுகுடலின் இறுதிப் பகுதியிலும் பெருங்குடலிலும் எல் செல்கள் என்ற உயிரணுக்கள் நிறைய இருக்கின்றன. குடலின் கடைமடை அது. சாதாரண வயிற்றில் உணவின் பெரும்பகுதியை மேல்மடையே உறிஞ்சிக்கொள்ளும். மேட்டூரைத் திறந்து நாளாகியும் நாகப்பட்டினத்துக் கடைமடைக்குத் தண்ணீர் எட்டிப்பார்க்காத கதைதான். பைபாஸுக்குப் பிறகோ அரைகுறையாகச் செரித்த உணவு வேகமாகக் கடைமடைக்கே வந்துசேர்கிறது. எல் செல்கள் உடனே மேலே தகவல் அனுப்புகின்றன. ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் கணையத்திடம் இன்சுலினைச் சுரக்கச் சொல்கிறது. பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன் குடலின் ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது. மூளைக்கு இரண்டும் சொல்வது ஒன்றுதான்: வயல் நிறைந்துவிட்டது, மதகை இறக்கு. பைபாஸ் செய்தவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஜி.எல்.பி-1 முன்பைவிடப் பல மடங்கு ஏறுகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் 'போதும்' என்று தோன்றுவது இதனால்தான். அங்கே வேலை செய்வது மனவுறுதியைவிட இந்த ஹார்மோன்கள்.

ஆற்றின் கணக்கு இன்னும் தூரம் போகும். கொள்ளிடமே தண்ணீரை இழுத்துக்கொண்டு காவிரி தூர்ந்துவந்ததால்தான் 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். அறுவை மருத்துவருக்கும் அதே பங்கீட்டுக் கவலை உண்டு. கல்லணைக்குக் கீழே போதுமான குடலை விடாவிட்டால் புரதம் உடம்பில் சேராது. அடுத்தது மதகு. இரைப்பையின் அடிவாயில் இருக்கும் தசைவளையம் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பைபாஸில் சாப்பாட்டு வழிக்கு அந்த மதகு கிடையாது. 2018 ஆகஸ்டில் மேலணையின் கொள்ளிடத்து மதகுகள் வெள்ளத்தில் இடிந்ததை ஊரே பார்த்தது. பைபாஸ் செய்தவர் ஒரு கிண்ணம் அக்காரவடிசலைச் சாப்பிட்டால் சர்க்கரை மொத்தமும் அதே வேகத்தில் குடலுக்குள் பாய்ந்து உடம்பின் நீரையும் உள்ளே இழுக்கும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதும் உண்டு.

உலகில் இன்று அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் என்ற எளிய முறை. அதில் ஆறு பிரிவதில்லை, மதகும் பிழைக்கும். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். கிரெலினைப் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி குறைகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதை மோசமாக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். முதல் வாரத்திலேயே சர்க்கரை இறங்குவது உண்மை. மருத்துவர் சொன்னால் இன்சுலினைக் குறைக்கவோ நிறுத்தவோ முடிவதும் உண்மை. அதில் பெரும்பங்கு பட்டினிக்கே உரியது. சில நாட்கள் வெறும் நீராகாரம் என்றால் கல்லீரலில் தேங்கிய கொழுப்பு வேகமாகக் கரையும். கல்லீரல் மறுபடி இன்சுலினின் பேச்சைக் கேட்கும். கத்தியே வைக்காமல் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் இதைச் செய்துகாட்டியவர் இங்கிலாந்தின் ராய் டெய்லர். கடைமடை ஹார்மோன்களின் பங்கு அந்தப் பலனை நிலைக்கவைப்பது. அதுவும் எல்லோருக்கும், எப்போதைக்கும் இல்லை. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் விலகியிருந்தது. பத்தாம் ஆண்டில் அது 36 சதவீதம். 'சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு' என்று விளம்பரம் பார்த்தால் அந்த இரண்டாவது எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளும் இதே ஜி.எல்.பி-1 வழியில்தான் வேலை செய்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது என்பதை அந்த விளம்பரங்களும் உரக்கச் சொல்வதில்லை.

கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு வார உணவுக் கட்டுப்பாட்டை நோயாளிகள் தண்டனையாக நினைக்கிறார்கள். காரணம் தெரிந்தால் அப்படித் தோன்றாது. கொழுத்த கல்லீரலின் இடப்பக்கம் இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும். லேப்ராஸ்கோப்பி கருவிக்கு வழி கிடைக்காது. கல்லீரல் மாவுச்சத்தைச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் நீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. சோறு, இட்லி, இனிப்பை நிறுத்திப் புரதத்தோடு நாளுக்கு 800 முதல் 1,000 கலோரி என்று இருந்தால் அந்தச் சேமிப்பு நீரோடு வெளியேறி, கொழுப்பும் குறைந்து, கல்லீரல் சுருங்கும். முந்தின நாள் விருந்து சாப்பிட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்வது மருத்துவரின் கையைக் கட்டிப்போடுவதாகும். புகையை விட்டுவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்ற சோதனை, எண்டோஸ்கோப்பி, தைராய்டு, இரும்பு, பி12, டி வைட்டமின் அளவுகள், மனநல ஆலோசனை எதையும் தாண்டக்கூடாது. மருத்துவக் காப்பீட்டுக்கான 2019-ஆம் ஆண்டு விதிப்படி உடல் நிறை குறியெண் 40 இருக்க வேண்டும். சர்க்கரை போன்ற துணை நோய் கடுமையாக இருந்தால் 35. ஆசியர்களுக்கு 27.5-இலேயே பரிசீலிக்கலாம் என்று 2022-இல் மருத்துவச் சங்கங்கள் சொன்னதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள், காலில் ரத்தம் உறையாமலிருக்க. முதல் இரண்டு வாரம் திரவம்தான்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர், புரதப் பொடி கலந்த பால். பிறகு மசித்தது, பிறகு குழைந்தது. திட உணவுக்கு ஆறேழு வாரமாகும். எப்போதும் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும், நாளுக்கு 60 கிராமாவது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. இடைநேரங்களில் மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மாதங்களில் நீர் வற்றிப்போவது எளிது. ஆகவே வைகுண்ட ஏகாதசிக்குத் தண்ணீரும் அருந்தாத விரதத்தைப் பெருமாள் பேரில் தள்ளிவைப்பதே நல்லது. மூன்றாம் மாத வாக்கில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். பெண்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். விடாமல் வாந்தி வந்தால் தயமின் வைட்டமின் தீர்ந்து மூளையே பாதிக்கப்படும். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆபத்து இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். சிறிய எண்தான், ஆனாலும் பூஜ்யமில்லை. வீடு திரும்பியபின் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், அடங்காத வயிற்றுவலி வந்தாலோ தையலில் கசிவு இருக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே ஓட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட மறந்துபோவது மூன்றாம் ஆண்டை. பி12 வைட்டமினைக் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் சேமித்துவைத்திருக்கும். ஆபரேஷனுக்குப் பின் அது சரியாகச் சேராவிட்டாலும் பற்றாக்குறை உடனே தெரியாது. எடை குறைந்து, ஊரார் பாராட்டி, வைட்டமின் மாத்திரையை நிறுத்தி, மருத்துவரை மறந்தபின் பாதம் மரத்துப்போகும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12-ஐக் குறைக்கக்கூடியது. தலைமுறைகளாகச் சைவம் சாப்பிடும் குடும்பங்களில் அது முன்பே குறைவு. அக்கா தன் மரப்பைப் பழைய சர்க்கரையின் மிச்சம் என்றே நினைத்துக்கொள்வார். ஆகவே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: வருடா வருடம் என் ரத்தத்தை யார் பார்ப்பார்கள், எத்தனை வருடத்துக்கு? 'ஆயுளுக்கும்' என்று பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.