இசட் புள்ளியும் செவ்வன் பரம்பலும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில், மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் வீடுதோறும் ஓர் எண்ணைப் பற்றிய பேச்சே நிகழும். அது நூற்றுக்கு எத்தனை என்னும் பழைய புள்ளியன்று. தசமத்தின் பின் நான்கு இலக்கங்களைக் கொண்ட இசட் புள்ளியாகும். கல்முனையிலோ, சாய்ந்தமருதிலோ, நிந்தவூரிலோ வாழும் ஒரு பிள்ளை மருத்துவம் கற்பதா, பொறியியல் கற்பதா, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற்குச் செல்வதா, மீண்டும் பரீட்சைக்கு அமர்வதா என்பவை பெரும்பாலும் அவ்வெண்ணையே சார்ந்துள்ளன. ஆகவே அது எவ்வாறு பிறக்கின்றது, எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லவில்லை என்பவற்றை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

முற்காலத்திற் பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி, அம்மொத்தத்தைக் கொண்டே பல்கலைக்கழக அனுமதி வழங்கப்பட்டது. இம்முறையில் ஒரு குறை உண்டு. ஓராண்டில் இரசாயனவியல் வினாத்தாள் கடினமாகவும் உயிரியல் வினாத்தாள் எளிதாகவும் அமையலாம். அப்போது இரசாயனவியலிற் பெற்ற 60 புள்ளியும் உயிரியலிற் பெற்ற 60 புள்ளியும் ஒரே மதிப்புடையன அல்ல. அளவு வேறுபட்ட இரு மரைக்கால்களால் நெல்லை அளந்து ஒன்றாகக் கூட்டுவது போன்றதே அது. இக்குறையை நீக்கும் பொருட்டு 2001ஆம் ஆண்டளவில் இசட் புள்ளி முறை இலங்கையிற் புகுத்தப்பட்டது. அம்முயற்சியிற் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முக்கிய பங்கு கொண்டார்.

இசட் புள்ளியை அறிய இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று சராசரி, மற்றையது நியம விலகல். ஐந்து மாணவர் முறையே 30, 35, 40, 45, 50 புள்ளிகள் பெற்றனர் எனக் கொள்வோம். சராசரி 40. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து விலகிய அளவை வர்க்கித்தால் 100, 25, 0, 25, 100 என வரும். அவற்றின் சராசரி 50. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.07. இதுவே நியம விலகல். வேறோர் ஐவர் 20, 30, 40, 50, 60 பெற்றால் அவர்களின் சராசரியும் 40தான். ஆனால் நியம விலகல் 14.14. இரண்டாம் கூட்டத்தார் முதற் கூட்டத்தாரிலும் இரு மடங்கு சிதறி நிற்கின்றனர் என்பதே இதன் பொருள்.

ஒரு மாணவரின் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி கிடைக்கும். மேற்சொன்ன இரு கூட்டங்களிலும் 50 புள்ளி பெற்றவர் ஒருவர் உளர். முதற் கூட்டத்தில் அவருடைய இசட் புள்ளி 1.41, இரண்டாவதில் 0.71. புள்ளி ஒன்று, சராசரியும் ஒன்று. எனினும் மதிப்பு வேறு. சராசரிக்குக் கீழே நிற்பவருக்கு இசட் புள்ளி மறைப் பெறுமானமாக வரும். அது சித்தியின்மையைக் குறிப்பதன்று. கூட்டத்தின் நடுவிற்குக் கீழே நிற்பதையே குறிப்பது.

மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்ட இசட் புள்ளிகளின் சராசரியே மாணவரின் இறுதி இசட் புள்ளி. பௌதிகவியலில் 1.6, இரசாயனவியலில் 1.3, இணைந்த கணிதத்தில் 1.2 பெற்றவருக்குக் கூட்டுத்தொகை 4.1, மூன்றால் வகுக்க 1.3667.

இனி, நிகழ்தகவுக்கு வருவோம். மக்களின் உயரம் போன்ற பல அளவுகளைத் திரட்டி வரைந்தால், நடுவிற் பலரும் இரு ஓரங்களிற் சிலருமாக, மணியைக் கவிழ்த்தாற் போன்ற ஒரு வளைகோடு தோன்றும். இதுவே செவ்வன் பரம்பல். 1733இல் டி மொய்வர் நாணயச் சுண்டுதலை ஆராய்ந்தபோது இவ்வளைகோட்டைக் கண்டார். 1809இல் வானியல் அளவீடுகளில் நேரும் வழுக்களை விளக்கக் கௌஸ் இதனைப் பயன்படுத்தினார். இப்பரம்பலில் ஏறத்தாழ நூற்றுக்கு 68 பேர் சராசரியிலிருந்து ஒரு நியம விலகல் தூரத்துள்ளும், 95 பேர் இரண்டு நியம விலகல் தூரத்துள்ளும் அடங்குவர்.

இடைப்பட்ட பெறுமானங்களுக்கு அட்டவணை உண்டு. ஒரு பாடத்தின் புள்ளிகள் செவ்வனாகப் பரம்பியிருப்பின், 1.6 என்னும் இசட் புள்ளிக்கு அட்டவணை தரும் எண் 0.9452. அதாவது, ஆயிரம் பேரில் ஏறக்குறைய 945 பேர் அவருக்குக் கீழே. 55 பேர் மேலே. 1.2க்கு உரிய எண் 0.8849. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 0.0603, ஆகவே இவ்விரு நிலைகளுக்கும் இடையே நிற்போர் ஆயிரத்துக்கு 60 பேர். கணக்கைத் திருப்பியும் செய்யலாம். முதற் பத்து வீதத்தினருள் இடம்பெற இசட் புள்ளி 1.28 வேண்டும். சராசரி 40, நியம விலகல் 15 ஆயின், 1.28ஐ 15ஆற் பெருக்கி 40ஐக் கூட்ட, 59.2 என்னும் புள்ளி கிடைக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, பரீட்சைப் புள்ளிகள் எப்போதும் மணிவடிவிற் பரம்புவதில்லை. கடினமான ஒரு பாடத்திற் சராசரி 35, நியம விலகல் 20 எனின், பூச்சியப் புள்ளிக்கு உரிய இசட் பெறுமானம் மறை 1.75. அதற்குக் கீழே ஆயிரத்துக்கு 40 பேர் இருப்பர் என்று அட்டவணை கூறும். பூச்சியத்திற்குக் கீழே புள்ளி பெறுபவர் எவருமிலர்! இசட் புள்ளியை எப்பரம்பலுக்கும் கணிக்கலாம். ஆனால் அட்டவணையைக் கொண்டு நிகழ்தகவு காண்பதற்குச் செவ்வன் பரம்பல் வேண்டும்.

இரண்டாவது, மூன்று பாடங்களின் சராசரியாகிய 1.3667ஐ நேரே அட்டவணையிற் பார்த்தலும் பிழை. ஒரு பாடத்தில் முன்னிற்பவர் எல்லாப் பாடங்களிலும் அதே அளவு முன்னிற்பதில்லை. ஆகவே சராசரிகளின் சிதறல் ஒன்றிலும் குறைவு. இறுதிப் பெறுபேற்றில் 1.3667 என்பது, ஒரே பாடத்தில் அதே எண்ணைப் பெறுவதிலும் பொதுவாக அரிதான நிலையாகும்.

யாருடன் ஒப்பிடுவது என்பதே இம்முறையின் உயிர்நிலை. இதனை 2011ஆம் ஆண்டு நாடு முழுவதும் உணர்ந்தது. அவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் வெவ்வேறு வினாத்தாள்களுடன் தோற்றினர். இரு சாராரையும் கலந்து இசட் புள்ளி கணிக்கப்பட்டமையால் வழக்கு எழுந்தது. இரு கூட்டத்தாரையும் வெவ்வேறாகக் கொண்டு கணிக்கவேண்டும் என 2012 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கலப்பதால் நேர்வதை ஓர் உதாரணம் காட்டும். சம தொகையான இரு கூட்டங்களில் ஒன்றின் சராசரி 50, மற்றையதன் சராசரி 40. இரண்டிற்கும் நியம விலகல் 10 எனக் கொள்வோம். 55 புள்ளி பெற்றவருக்கு முதற் கூட்டத்தில் இசட் 0.5, இரண்டாவதில் 1.5. இரண்டையும் கலந்தால் சராசரி 45, நியம விலகல் 11.18, இருவருக்கும் 0.89. எளிய தாளை எழுதியவர் உயர்ந்தார். கடினத் தாளை எழுதியவர் தாழ்ந்தார். கணக்குப் பிழைக்கவில்லை, கூட்டத்தைத் தெரிந்ததே பிழைத்தது.

இசட் புள்ளி அகில இலங்கைக்கும் பொதுவாகவே கணிக்கப்படுகின்றது; மாவட்டம் அதனை மாற்றுவதில்லை. மாவட்டம் இடம்பெறுவது தெரிவின்போதே. விஞ்ஞானம், வணிகம் போன்ற துறைகளின் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் உரியவை. அப்பதினாறில் அம்பாறையும் ஒன்று. ஆகையாற் கல்முனை மாணவர் தம் புள்ளியுடன் மாவட்ட நிலையையும் சேர்த்தே நோக்கவேண்டும். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியை இவ்வாண்டின் எல்லையாகக் கருதி மனமுடைவதோ மகிழ்வதோ பொருந்தாது. தோற்றும் கூட்டமும் தெரிவு செய்யும் கற்கைநெறியும் மாற, வெட்டுப்புள்ளியும் மாறும்.

இசட் புள்ளி ஒரு பிள்ளையின் அறிவை அளக்கும் கோலன்று. ஒரு நாளில், ஒரு வினாத்தாளில், ஒரு கூட்டத்தினிடையே அப்பிள்ளை நின்ற இடத்தையே அது காட்டுகின்றது. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் குறைந்த பாடசாலையிற் கற்றவரையும் எல்லா வசதியும் பெற்றவரையும் அது ஒரே வரிசையில் நிறுத்தும். வரிசையின் காரணத்தை அது கூறாது. அக்காரணத்தை ஆராய்ந்து நீக்குவது பாடசாலைகளினதும் அரசினதும் பெற்றோரினதும் பொறுப்பாகும்.