காட்சிப்பொருளாகிப்போன வேதாகமம்



வருடத்தின் கடைசி வாரத்தில் நாங்கள் குடும்பமாய்ச் சென்னையிலிருந்து காட்பாடி வழியாகச் சித்தூருக்குச் சென்றோம். அங்கே என் தாயார் தனிமையாய் வசிக்கிறார்கள். மாம்பழக் காலத்தில் மாத்திரமே அவ்வூரை விரும்பும் பிள்ளைகள், டிசம்பரில் மனமில்லாமலே வந்தார்கள்.

இரவு எட்டு மணிக்குத் தாயார் பாயை விரித்து, "உங்கள் வீட்டு ஜெபத்தில் இப்போது எந்தச் சங்கீதம் வாசிக்கிறீர்கள்?" என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டார்கள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலைகுனிந்தேன். வேலை நேரமும் கைபேசியும் அந்தப் பழக்கத்தை விழுங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

மறுநாள், ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதிக்கு உறவினரைக் காணச் சென்றோம். வழியில் சந்திரகிரிக் கோட்டையைப் பார்த்தோம். விஜயநகர அரசர்களின் ராஜமகால் இன்று அருங்காட்சியகம். "ராஜா போய்விட்டதால்தான் அரண்மனை காட்சிப்பொருள் ஆயிற்றா?" என்று மகள் கேட்டாள். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலுள்ள வேதாகமம் என் நினைவுக்கு வந்தது.

பிரியமானவர்களே, இவ்வருடம் எங்கெங்கே சென்றோம், என்னென்ன வாங்கினோம் என்று கணக்கிடுகிறோம். எத்தனை இரவுகள் குடும்பமாய் முழங்காற்படியிட்டோம் என்று எண்ணினோமா? கர்த்தர் செய்த உதவியை மறவாதபடி சாமுவேல் ஒரு கல்லை நாட்டி, எபெனேசர் என்று பெயரிட்டார். அன்றிரவு சித்தூருக்குத் திரும்பியதும், தாயாரின் பாயில் நாங்களும் எங்கள் எபெனேசரை நாட்டினோம். பிள்ளைகளே சங்கீதத்தைத் தெரிந்தெடுத்தார்கள்.

புத்தாண்டு ஆராதனை மட்டும் காத்திராதிருங்கள். இன்றிரவே உங்கள் வீட்டிலும் பாயை விரியுங்கள்.