கொடுத்த காசும் எடுத்த உணவும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு எங்கேனும் போய்வர வேண்டும் என்னும் ஆவல் இன்று எல்லா இல்லங்களிலும் எழுகிறது. அது தவறன்று. ஆண்டு முழுவதும் அடுப்படியிலும் வயற்காட்டிலும் கடையிலும் உழைப்பவர்களுக்கு ஒரு நாள் ஓய்வும் மகிழ்ச்சியும் தேவையே. ஆனால், அந்த ஒரு நாளில் நாம் உட்காரும் உணவு மேசை நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் உள்ள பேரூர் பூலாம்பாடி. பிழைப்புக்காக மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்த ஊர்களுள் அதுவும் ஒன்று. அவ்வூரில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் விடுப்பில் வந்திருந்தபோது, நன்னி முதல் கைக்குழந்தை வரை பதினோரு பேர் வேன் அமர்த்திக்கொண்டு, தங்கும் விடுதியோடு கூடிய ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றார்கள். அதன் பெயர் இங்கே தேவையில்லை.

பகல் முழுதும் நீரிலும் இராட்டினத்திலும் விளையாடிக் களைத்தவர்கள் விடுதியின் உணவகத்துக்குள் நுழைந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை. விரும்பியதை விரும்பிய மட்டும் உண்ணலாம். "கொடுக்கிற காசுக்குச் சாப்பிட வேண்டாமா?" என்றார் மகன். அவ்வளவுதான்! பிரியாணி, பரோட்டா, வறுவல், பொரியல், நான்கு வகை இனிப்பு என்று தட்டுகள் மலைபோல் குவிந்தன. அரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் அப்படியே மீந்தது. பரிமாறும் பையன் ஒரு சொல்லும் சொல்லாமல் அவற்றை வாளியில் கொட்டிச் சென்றான்.

கொஞ்சம் சோறும் ரசமும் தயிரும் மட்டும் உண்டிருந்த நன்னி பேரனைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, வெங்காயம் விலைபோகாமல் பட்டறையிலேயே கிடந்த வருஷத்தில்கூட நம்ம வீட்டில் சோற்றைக் கொட்டியதில்லையே?"

பேரனிடம் பதில் இல்லை. அடுத்து வந்த ரசீது வேறோர் அதிர்ச்சியைத் தந்தது. சொன்ன விலைக்கு மேல் வரி; ஏழு வயதுப் பிள்ளைக்கும் முழுக் கட்டணம்; தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தனிக் காசு. வாக்குவாதம் முற்றி, மகிழ்ச்சியாகத் தொடங்கிய நாள் மனக்கசப்பில் முடிந்தது.

இதை என்னிடம் சொன்னவரே அந்த மகன்தான். "கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, எடுக்கக் கூடாததை எடுத்தோம்" என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த இரண்டைப் பற்றித்தான் இக்கட்டுரை.

ஒரே விலை எப்படிக் கட்டுபடியாகிறது?

ஒரே விலைச் சாப்பாடு நமக்குப் புதிதன்று. நகரத்து உணவகங்களில் 'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்று எழுதி வைத்திருப்பதைச் சிறு வயது முதலே கண்டிருக்கிறோம். ஐரோப்பிய நாடுகளிலும் பழைய காலத்துச் சத்திரங்களில் குறித்த நேரத்தில், ஒரே மேசையில், குறித்த விலைக்கு உணவிடும் வழக்கம் இருந்தது. ஜப்பானின் தோக்கியோ நகரில் இம்பீரியல் ஹோட்டல் 1958-இல் 'வைக்கிங்' என்ற பெயரில் பஃபே விருந்தைத் தொடங்கியது. இன்றும் ஜப்பானியர் பஃபேயை அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

அமெரிக்காவில் 1955-இல் டிஸ்னிலாந்து திறக்கப்பட்ட பிறகு உலகெங்கும் கேளிக்கைப் பூங்காக்கள் பெருகின. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 2010-இல் வந்தது. நம் சென்னைக்கு அருகே, இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே வேளையில் பசிக்கும். ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டுச் சமைத்துக்கொண்டிருக்க இயலாது. எனவே விலையை ஒன்றாக்கி உணவை வரிசையாக வைத்துவிடுவது நிர்வாகத்துக்கு எளிதாகிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த விலை உங்கள் ஒருவரின் வயிற்றை அளந்து வைத்ததன்று. நூறு பேர் வந்தால் சராசரியாக எவ்வளவு உண்பார்கள் என்று கணக்கிட்டு, அதற்குமேல் இலாபமும் சேர்த்து வைத்தது. நிறைய உண்பவரும் குறைய உண்பவரும் அதில் முன்பே அடக்கம். ரொட்டி, சோறு, நூடுல்ஸ் போன்ற மலிவானவை பெரும்பாலும் வரிசையின் தொடக்கத்தில் இருக்கும். விலை கூடிய இறைச்சியும் மீனும் தட்டு நிறைந்த பிறகே கண்ணில் படும். ஆகவே, வயிறு வலிக்க உண்டு 'காசை ஈடுகட்டிவிட்டோம்' என்று எண்ணுவது வீண் கற்பனை. கொடுத்த பணம் கொடுத்ததுதான். கொட்டிய சோறு அதைத் திருப்பித் தராது.

உட்காருமுன் கேளுங்கள்

கேட்பது கௌரவக் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கேட்காமல் இருந்துவிட்டுப் பிறகு சண்டையிடுவதன்றோ கௌரவக் குறைவு! பணம் செலுத்தும் முன் இவற்றைக் கேட்டுத் தெளிவது நன்று.

வரி: சொல்லும் விலையில் வரி சேர்ந்துள்ளதா? நம் நாட்டில் சாதாரண உணவகங்களில் 5 சதவீதம் ஜிஎஸ்டி. நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் விடுதிகளின் உணவகங்களில் அது 18 சதவீதம். பதினோரு பேர் உண்ணும்போது இந்த வேறுபாடு சிறிதன்று.

சேவைக் கட்டணம்: இது வரியன்று. இதனை ரசீதில் தானாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை ஏற்று உறுதி செய்தது. விரும்பினால் கொடுக்கலாம், வற்புறுத்தினால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

வெளிநாட்டில்: பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர் செல்வோர் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் கவனியுங்கள். முதலாவது 10 சதவீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது 2024 முதல் 9 சதவீதமாக உள்ள ஜிஎஸ்டி. 50 வெள்ளி என்று போட்டிருந்தால் 5 வெள்ளி சேர்ந்து 55 ஆகும். அதன்மேல் வரியும் சேர்ந்து 59 வெள்ளி 95 காசு கொடுக்க நேரும்.

குழந்தைகள்: சில இடங்களில் வயதைக் கொண்டும் சில இடங்களில் உயரத்தைக் கொண்டும் கட்டணம் வைப்பார்கள். வயதைக் குறைத்துச் சொல்லிக் காசை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணாதீர்கள். பிள்ளையின் எதிரிலேயே பொய் சொல்லிப் பெறும் சலுகை மிகவும் விலை கூடியது.

நேரமும் நீரும்: எத்தனை மணி வரை உண்ணலாம், குடிநீரும் பழச்சாறும் விலையில் அடங்குமா, கைக்குழந்தையின் உணவை உள்ளே கொண்டு செல்லலாமா என்பனவற்றையும் கேளுங்கள். திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம்கூட, குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும் கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டு செல்லலாம் என்றும் கூறியது. பூங்காக்கள் தத்தமக்கு விதிகள் வைத்துள்ளன, கேட்டறிவதே வழி.

ஹலால்: 'இங்கே பன்றி இறைச்சி இல்லை' என்னும் பலகை ஹலாலுக்கு உத்தரவாதம் ஆகாது. கோழியும் ஆடும் எவ்வாறு அறுக்கப்பட்டன, சமையலில் மது சேர்கிறதா, ஜெல்லியிலும் புட்டிங்கிலும் உள்ள ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று பணிவாகக் கேளுங்கள். மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் அமைப்புகளின் சான்றிதழைப் பாருங்கள். ஒரே விடுதியில் ஓர் உணவகத்துக்குச் சான்றிதழ் இருக்கும். பக்கத்து உணவகத்துக்கு இராது. ஐயம் தீரவில்லையா? காய்கறியும் மீனும் பழமும் இருக்கவே இருக்கின்றன.

மேசையில் பேண வேண்டியவை

சிறுவராயிருந்த உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களின் கை உணவுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அல்லாஹ்வின் பெயர் கூறி, வலக்கையால், தம் பக்கத்தில் உள்ளதை உண்ணுமாறு கற்றுக்கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சி இன்றைய பஃபே மேசைக்கும் பொருந்துவதைப் பாருங்கள். அலையும் கண்ணுக்கும் அலையும் கைக்கும் அங்கேயன்றோ கட்டுப்பாடு வேண்டும்!

முதலில் வெறுங்கையோடு ஒருமுறை சுற்றி வந்து என்னென்ன உள்ளன என்று பாருங்கள். பிறகு தட்டை எடுத்து, வரிசையில் நின்று, ஒவ்வொன்றிலும் சிறிதளவு மட்டும் எடுங்கள். பிடித்திருந்தால் மறுமுறை செல்லத் தடையில்லை. அதற்குத்தானே காசு கொடுத்திருக்கிறோம்! மறுமுறை போகும்போது எச்சில் தட்டோடு போகாமல் புதுத் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழம்பின் கரண்டியை மற்றொன்றில் இடாதீர்கள். எடுத்ததைத் திரும்பப் பாத்திரத்தில் போடாதீர்கள்.

சூடான பாத்திரங்களின் அருகே சிறுவர்களைத் தனியே அனுப்பலாகாது. நீரில் விளையாடிய ஈர உடையோடு உணவகத்துள் நுழைவது பிறருக்கு இடையூறு. மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள். உண்பதற்குத்தான் விலை, எடுத்துச் செல்வதற்கன்று. ஆதலால் பைக்குள் பழத்தையும் இனிப்பையும் திணிப்பது உரியவர் அனுமதியில்லாமல் எடுப்பதே ஆகும். கையால் உண்பதற்கு வெட்கம் வேண்டாம். கையைக் கழுவி, சிந்தாமல் உண்பவரை எவரும் இகழமாட்டார். தட்டை எடுக்க வரும் பணியாளர் நம் பிள்ளைகளைப் போல் ஊரைவிட்டு வந்து உழைப்பவர். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

விரயத்தின் கணக்கு

உண்ணவும் பருகவும் அனுமதி தந்த இறைவன், அதே வசனத்தில் (7:31) விரயத்தைத் தடுக்கிறான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியுள்ளது. மக்களின் நுகர்வுக்கு வந்த உணவில் இது 19 சதவீதம். வீணானதில் 28 சதவீதம் உணவகம் முதலான இடங்களில். 60 சதவீதம் வீடுகளில்! ஆகவே, பூங்கா உணவகத்தை மட்டும் குறை கூறித் தப்பிக்க இயலாது.

நம் கடற்கரை ஊர்களில் நால்வர் ஒரு ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பார்கள். ஒருவர் மிகுதியாக எடுத்தால் அடுத்தவருக்குக் குறையும் என்பது கண்ணெதிரே தெரியும். எனவே கை தானாகவே அடங்கும். பஃபே மேசையில் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாத்திரம் காலியானால் மீண்டும் நிரப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பங்காளியை நினைவில் வைப்பதுதான் ஒழுக்கம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய அளவு (திர்மிதீ) ஒரே விலை உணவகத்திலும் மாறுவதில்லை.

இன்று நம் திருமண மண்டபங்களுக்கும் பஃபே வந்துவிட்டது. அங்கே காசு கொடுப்பவர் பெண்ணைப் பெற்றவரோ மாப்பிள்ளை வீட்டாரோ என்பதால் நம் கை இன்னும் தாராளமாகிறது. பூங்காவில் பிள்ளைகள் கற்பதை மண்டபத்தில் செய்வார்கள். மண்டபத்தில் கற்பதை நாளை தம் வீட்டில் செய்வார்கள்.

அந்தப் பூலாம்பாடிக் குடும்பம் அடுத்த விடுப்பிலும் வெளியே போயிற்று. இம்முறை மகன் முன்னதாகவே தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "முதல் தடவை நன்னி எடுக்கிற அளவுதான் எல்லோருக்கும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார். அன்று வாளிக்குப் போன தட்டு ஒன்றுமில்லை. ரசீதில் சண்டையும் இல்லை.

அன்புச் சகோதர, சகோதரிகளே! விடுமுறைக்குச் செல்லுங்கள், பிள்ளைகளோடு மகிழ்ந்திருங்கள். விலையைத் துணிவோடு கேளுங்கள். உணவை அடக்கத்தோடு எடுங்கள். நாம் எழுந்து சென்ற பின் மேசையில் இருக்கும் தட்டு நம் குடும்பத்துக்குச் சாட்சி சொல்லும். அது நல்ல சாட்சியாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக!