தேம்ஸ் கரையில் ஒரு மதில்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் ஒரு கரையில் பிரித்தானியப் பாராளுமன்றம் இருக்கிறது. எதிர்க்கரையில் செயின்ட் தோமஸ் வைத்தியசாலை. அந்த வைத்தியசாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு நடைபாதை போகிறது. அதன் ஓரத்தில் கிட்டத்தட்ட அரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு கல் மதில். மதில் முழுக்கச் சிவப்பு இதயங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ சாயத்தைத் தெளித்த மாதிரித் தெரியும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கோ. ஒவ்வொரு இதயமும் கையால் வரைந்தது. பல இதயங்களுக்குள் ஒரு பெயரும் இருக்கும்.

இதுதான் கொரோனா நினைவு மதில்.

2020இல் கொரோனா வந்தபோது உங்களில் பலர் மிகவும் சின்னப் பிள்ளைகள். சிலர் பிறந்தே இருக்கமாட்டீர்கள். அந்த நாட்களில் வைத்தியசாலையில் இருந்தவர்களை வீட்டு ஆட்கள் போய்ப் பார்க்க முடியவில்லை. செத்தவீட்டுக்கும் ஒரு சிலர்தான் போகலாம். எங்கள் ஆட்கள் பலர் செத்தவீட்டைக் கணினியில்தான் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்து வழக்கப்படி ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி செய்வோம். உறவுகள் எல்லாரும் வருவார்கள், சாப்பிடுவார்கள், இறந்தவரைப் பற்றிக் கதைப்பார்கள். ‘கல்வெட்டு’ என்று ஒரு சின்னப் புத்தகமும் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் அவருடைய படமும் வாழ்க்கைக் கதையும் இருக்கும். கொரோனா நேரத்தில் இப்படிக் கூடி அழக்கூட இடம் இல்லை. தமிழருக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் அதே நிலைமைதான்.

அதனால் கொரோனாவால் உறவுகளை இழந்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேலை செய்தன. 2021 மார்ச் 29ஆம் திகதி, சிவப்புப் பெயின்ட் பேனாக்களோடு இந்த மதிலடிக்கு வந்தார்கள். இறந்த ஒருவருக்கு ஒரு இதயம் என்பதுதான் கணக்கு. அப்போது பிரித்தானியாவில் இறந்தவர்கள் சுமார் 1,50,000 பேர். தொண்டர்கள் நிறையப் பேர் வந்து உதவினார்கள். ஏறக்குறைய பத்து நாளில் அத்தனை இதயங்களையும் வரைந்து முடித்தார்கள்.

1,50,000 என்று சொல்வது சுகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு வினாடிக்கு ஒரு இதயம் என்று நித்திரை கொள்ளாமல் எண்ணினாலும் 41 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். பிறகும் பலர் இறந்தார்கள். இதயங்களும் கூடிக்கூடி இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஒன்றை வரைந்து மற்றதை எல்லாம் அச்சடித்து ஒட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என்னைப் போலக் கணினி வேலை செய்பவர்களுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும்! ஆனால் அப்படிச் செய்தால் எல்லா இதயமும் ஒரே மாதிரி இருந்திருக்கும். இங்கே ஒன்று கொழுத்தது, ஒன்று மெலிந்தது, ஒன்று சரிந்து நிற்கிறது. இறந்த மனிதர்களும் ஒருவரைப் போல ஒருவர் இல்லைத்தானே?

ஏன் இந்த இடம்? எதிரே பாராளுமன்றம். நாட்டுக்கு முடிவு எடுப்பவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் மதில் தெரியும். பாராளுமன்றத்துக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் தலைவர்களின் சிலைகள் 12 இருக்கின்றன. காந்தியின் சிலையும் 2015இல் அங்கே வந்தது. அந்தச் சிலைகளை நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். மதிலில் இருக்கும் பெயர்களை நீங்கள் கையால் தொடலாம். பஸ் ஓட்டியவர், தாதி, யாரோ ஒருவரின் அம்மம்மா என்று, சிலை வைக்காத மனிதர்களின் பெயர்கள் அவை.

மற்றவர்களின் சுவரில் வரைவது தப்பு என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்வார்கள். அது சரிதான். இந்தக் குடும்பங்களும் முறையான அனுமதி இல்லாமல்தான் தொடங்கினார்கள். ஆனாலும் யாரும் அதை அழிக்கவில்லை. மதிலைப் பாதுகாக்க வேண்டும் என்று 2023இல் அரசு அமைத்த குழுவே பரிந்துரை செய்தது.

அழித்தது வெயிலும் மழையும்தான். முதலில் பாவித்த பேனாச் சிவப்பு மெல்ல மெல்ல வெளிறி ரோஸ் நிறமாகிவிட்டது. பெயர்களும் மங்கின. அதனால் தொண்டர்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்து வேலை செய்கிறார்கள். வீட்டு வெளிச்சுவருக்குப் பூசும் பெயின்ட்டால் இதயத்தைத் திரும்ப நிரப்புவார்கள். அது காய்ந்த பிறகு பெயரை அதன் மேல் எழுதுவார்கள். மதிலின் ஒரு நுனியில் இருந்து மறு நுனிக்குப் போய்ச் சேருவதற்குள், முதலில் பூசியது மறுபடியும் வெளிறத் தொடங்கிவிடும். லண்டனில் இருப்பவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்து, படி இறங்கி, ஆற்றோரமாக நடந்தால் மதிலைக் காணலாம். வெள்ளிக்கிழமை போனால், கையில் தூரிகையோடு யாராவது அங்கே குனிந்து நிற்பார்கள்.